தடிப்பு ஒரு நோயல்ல

"யூட்ரஸ் தடிச்சிருக்கும்மா. இப்பவே எடுத்துட்டா நல்லது, விட்டா கேன்சர்ல கொண்டுபோய் விட்டுடும்." இந்தப் பேச்சு காதில் விழாத குடும்பம் தமிழ்நாட்டில் குறைவு. கையில் ஒரு ஸ்கேன் ரிப்போர்ட். அதில் எண்டோமெட்ரியம் என்று போட்டு எதிரே ஒரு எண்: 13 மில்லிமீட்டர், 14 மில்லிமீட்டர். அந்த எண்ணே குற்றப்பத்திரிகை, அதுவே தீர்ப்பு. கூட வந்த மாமியாரோ நாத்தனாரோ "ரெண்டு பெத்தாச்சு, இனிமே அந்தப் பை எதுக்கு?" என்று கேட்டு விசாரணையை முடித்துவைப்பார்.

இந்த நம்பிக்கைக்குப் படித்தவர், படிக்காதவர் என்ற பேதமில்லை. கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்தால் அது நோய். நோயை விட்டுவைத்தால் அது படிப்படியாகப் புற்றுநோயாகும். பையையே எடுத்துவிட்டால் பயம் விட்டது. கேட்பதற்குத் தெளிவாக, தர்க்கமாக, கனிவாகக்கூட இருக்கிறது. மைக்ராஸ்கோப்பின் கீழ் அந்தச் சவ்வை நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பார்த்துவந்தவர்கள் கண்டது இதற்கு நேர்மாறானது.

முதலில் அந்த எண்ணை எடுத்துக்கொள்வோம். மாதவிடாய் வரும் வயதில் உள்சவ்வு ஒரே தடிமனில் இருப்பதில்லை. ரத்தப்போக்கு நின்ற கையோடு அளந்தால் 2 முதல் 4 மில்லிமீட்டர். அடுத்த இரண்டு வாரம் ஈஸ்ட்ரோஜன் அதை வளர்க்கிறது. கருமுட்டை வெளிவந்ததும் புரொஜெஸ்டிரோன் பொறுப்பேற்கிறது. மறு மாதவிடாய்க்கு ஒரு வாரம் இருக்கும்போது 16 மில்லிமீட்டர்வரை போகலாம். அது முழு ஆரோக்கியம். அதே பெண், அதே கர்ப்பப்பை. ஐந்தாம் நாள் ஸ்கேன் எடுத்தால் "நார்மல்", இருபத்திரண்டாம் நாள் எடுத்தால் "தடிப்பு". மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு இத்தனை மில்லிமீட்டரைத் தாண்டினால் ஆபத்து என்று அனைவரும் ஏற்ற எல்லைக்கோடு எதுவும் மருத்துவத்தில் இல்லை. புகழ்பெற்ற அந்த 4 மில்லிமீட்டர் எல்லை, மாதவிடாய் நின்றுபோய் அதன் பிறகு ரத்தம் கண்ட பெண்களுக்காக வகுக்கப்பட்டது. அறுபது வயதுக்காரிக்குத் தைத்த சட்டையை முப்பத்தைந்து வயதுக்காரிக்கு மாட்டிவிட்டு, இறுக்குகிறதே என்று அவளைக் குறை சொல்கிறோம்.

அந்த அறுபது வயதுப் பெண்ணிடமும் எண் மட்டும் பேசுவதில்லை. மாதவிடாய் நின்ற பின் ரத்தம் பட்டால் கட்டாயம் பார்த்தாக வேண்டும்; அதில் இரண்டு கருத்தில்லை. உலகெங்கும் நடந்த 129 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான அலசல், உள்சவ்வுப் புற்றுநோய் கண்டவர்களில் ஏறத்தாழ 90 சதவீதத்தினருக்கு இந்த ரத்தப்போக்கு இருந்ததாகச் சொன்னது. அதே அலசலின் இன்னொரு முடிவை யாரும் உரக்கச் சொல்வதில்லை: இப்படி ரத்தம் கண்டு வந்தவர்களில் புற்றுநோய் இருந்தது ஏறத்தாழ 9 சதவீதத்தினருக்கே. மீதிப் பேருக்குச் சவ்வு மெலிந்து உலர்ந்திருக்கும், பாலிப் இருக்கும், மாத்திரையின் விளைவாக இருக்கும். ரத்தமே படாமல், வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தென்பட்ட 6 மில்லிமீட்டருக்கு அஞ்சுவது இன்னும் ஆதாரமற்றது.

ஆரோக்கியத்தை நோயென்று படித்த பிழை புதிதல்ல. ஒரு காலத்தில் மருத்துவ உலகமே அதைச் செய்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிரெஞ்சு மருத்துவர் ரெக்காமியே கர்ப்பப்பைக்குள் விட்டுச் சுரண்டும் கரண்டியைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். சுரண்டிய துணுக்குகள் மைக்ராஸ்கோப்புக்கு வந்தன. சில துணுக்குகளில் சுரப்பிகள் நேராக இருந்தன, சிலவற்றில் வளைந்து நெளிந்து பருத்திருந்தன. நெளிந்தவற்றை எல்லாம் "சுரப்பி அழற்சி" என்று அன்றைய நிபுணர்கள் வகைபிரித்துப் பெயர் சூட்டினார்கள். அதற்குச் சிகிச்சையும் செய்தார்கள். 1908இல் வியன்னாவின் ஃபிரிட்ஸ் ஹிட்ஷ்மன், லுட்விக் அட்லர் என்ற இருவர் செய்தது எளிமையான காரியம். துணுக்கு எடுத்த நாள், அந்தப் பெண்ணின் சுழற்சியில் எத்தனையாவது நாள் என்று குறித்துவைத்துக்கொண்டு ஒப்பிட்டார்கள். அழற்சி என்று சொல்லப்பட்டவற்றில் பெரும்பகுதி, ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு பெண்ணுக்கும் வந்துபோகும் இயல்பான மாற்றம் என்று தெரிந்தது. ஒரு நோய் அகராதியிலிருந்து ஏறக்குறைய காணாமலே போனது. 1950இல் நாய்ஸ், ஹெர்டிக், ராக் என்ற மூன்று அமெரிக்கர்கள் அதை இன்னும் கூர்மையாக்கி, துணுக்கைப் பார்த்தே அது சுழற்சியின் எத்தனையாவது நாள் என்று சொல்லும் முறையை வகுத்தார்கள். சுமார் பதினேழாம் நாளில் சுரப்பிச் செல்களின் உட்கருவுக்குக் கீழே வெற்றிடம்போல் ஒரு குமிழி தோன்றும். கருமுட்டை வெளிவந்துவிட்டதன் அடையாளம் அது. நாட்காட்டியே வேண்டாம், திசுவே தேதி சொல்லும்.

வியன்னாவில் 1908இல் கற்றுக்கொண்ட பாடத்தை நம் ஸ்கேன் மையங்கள் இன்னும் கற்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். கடைசி மாதவிடாய்த் தேதி என்ற கட்டம் நிரப்பப்படாமலே எத்தனை ரிப்போர்ட்டுகள் வெளியே போகின்றன!

சரி, உண்மையிலேயே சவ்வு மிகுந்து வளர்ந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது கேள்வி எவ்வளவு தடிப்பு என்பதல்ல, எப்படிப்பட்ட வளர்ச்சி என்பது. இதற்கு விடை ஒலியலையில் இல்லை. நான்கைந்து மைக்ரான் கனத்தில் சீவி, ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயமேற்றிய திசுத் துண்டில் இருக்கிறது. நோய்க்குறியியல் நிபுணர் அங்கே பார்ப்பது இரண்டை: சுரப்பிகளின் நெருக்கம், செல்களின் முகம்.

இயல்பான சவ்வு ஒழுங்காக நட்ட தென்னந்தோப்பு மாதிரி. குழாய் வடிவச் சுரப்பிகள் மரங்கள். அவற்றுக்கு நடுவே இடைத்திசு என்ற மண் தாராளமாகத் தெரியும். கருமுட்டை வெளிவராத மாதங்களில், பருவமடைந்த புதிதிலும் மாதவிடாய் நிற்கப்போகும் நாற்பதுகளிலும் பிசிஓடி உள்ளவர்களிடமும், புரொஜெஸ்டிரோன் வராது. ஈஸ்ட்ரோஜன் மட்டும் நீர் பாய்ச்சிக்கொண்டே இருக்கும். உடல் பருமன் இருந்தால் கொழுப்புத் திசுவும் தன் பங்குக்கு ஈஸ்ட்ரோஜனைத் தயாரிக்கும். சில சுரப்பிகள் வீங்கும், சில கிளைக்கும், வரிசை கலையும். இடைத்திசு இன்னும் இருக்கும். இதை "ஒழுங்கு கலைந்த வளர்ச்சி" என்று எழுதுவார்கள். ரிப்போர்ட்டில் இந்த வரியைப் படித்துவிட்டுத் தூக்கம் தொலைத்தவர்கள் உண்டு. இது நோயின் பெயரல்ல, ஹார்மோன் கணக்கு தப்பியதன் வருணனை.

நெருக்கம் மேலும் கூடி, சுரப்பிகளின் பரப்பு இடைத்திசுவை மிஞ்சினால் அது ஹைப்பர்பிளாசியா. இங்கேதான் இரண்டாவது கேள்வி வருகிறது. செல்களின் முகம் எப்படி இருக்கிறது? உட்கருக்கள் நீண்டு, ஒரே மாதிரி, வரிசையில் நின்றால் ஏடிப்பியா இல்லை. உருண்டு பருத்து, ஒன்றுபோல் ஒன்று இல்லாமல், வரிசை விட்டுத் தலைகுப்புற நின்றால், அதுவும் பக்கத்திலுள்ள இயல்பான சுரப்பியிலிருந்து பளிச்சென்று வேறுபட்டுத் தெரிந்தால், ஏடிப்பியா. தடிப்பைப் பற்றிய பேச்சு முழுவதிலும் அடிபட்டுப்போவது இந்த ஒரு பிரிவினைதான். விஷயம் மொத்தமும் இதில்தான் இருக்கிறது.

1985இல் கர்மன், கமின்ஸ்கி, நோரிஸ் என்ற மூவர் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படுவது. ஹைப்பர்பிளாசியா என்று கண்டறிந்த பிறகு குறைந்தது ஓராண்டு கர்ப்பப்பை எடுக்கப்படாமல் இருந்த 170 பெண்களைச் சராசரியாகப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பார்த்தார்கள். ஏடிப்பியா இல்லாதவர்களில் புற்றுநோய் வந்தது 2 சதவீதத்தினருக்கு. ஏடிப்பியா உள்ளவர்களில் 23 சதவீதத்தினருக்கு. ஒரே பெயர் தாங்கிய இரண்டு நிலைகளுக்கு நடுவே பத்து மடங்குக்கு மேல் இடைவெளி. சிறிய ஆய்வு என்று ஒதுக்கலாம். ஆனால் 2010இல் அமெரிக்காவில் ஒரு காப்பீட்டு மருத்துவ அமைப்பின் ஏறத்தாழ 8 ஆயிரம் நோயாளிகளின் ஆவணங்களை வைத்து லேசி குழுவினர் கணக்கிட்டபோதும் அதே சித்திரம் வந்தது. ஏடிப்பியா இல்லாத ஹைப்பர்பிளாசியா பத்தொன்பது ஆண்டுகளில் புற்றுநோயாக மாறும் வாய்ப்பு 4.6 சதவீதம். ஏடிப்பியா இருந்தால் 27.5. 2014இல் உலக சுகாதார நிறுவனம் பழைய நான்கு வகைப் பிரிவினையைக் கைவிட்டு, ஏடிப்பியா உண்டா இல்லையா என்ற இரண்டே வகையாகச் சுருக்கியது இதனால்தான்.

ஆக, "விட்டால் கேன்சர் ஆகிவிடும்" என்று மிரட்டப்படும் பெண்களில் பெரும்பாலோருக்கு, திசுவைப் பார்த்தால், இருபது ஆண்டில் நூற்றில் ஐந்துக்கும் குறைவான வாய்ப்பு. அதுவும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தால். இங்கிலாந்தின் ராயல் மகப்பேறு மருத்துவக் கல்லூரி 2016இல் வெளியிட்ட வழிகாட்டி, இந்த வகைக்கு முதல் சிகிச்சையாகச் சொல்வது கர்ப்பப்பைக்குள் பொருத்தும் புரொஜெஸ்டிரோன் வகை ஹார்மோன் சாதனத்தை. நம் ஊரில் மிரீனா என்று அறியப்படுவது. இதனால் சவ்வு பழைய நிலைக்குத் திரும்பும் விகிதம் மாத்திரையைவிட அதிகம் என்கிறது அந்த வழிகாட்டி. மாத்திரையில் அது 67 முதல் 72 சதவீதம். தானாகவே சரியாகிவிடுபவையும் உண்டு. பொருத்துவதற்குச் சில நிமிடம் ஆகும். அறுவை அரங்கு வேண்டாம், வயிற்றில் தையல் வேண்டாம்.

ஏடிப்பியா இருந்தால்? அங்கே இந்தக் கட்டுரைக்கும் அறுவை சிகிச்சை நிபுணருக்கும் சண்டை இல்லை. 2006இல் டிரிம்பிள் குழுவினர் அமெரிக்காவில் நடத்திய ஆய்வில், பயாப்ஸியில் ஏடிப்பியா என்று வந்த 289 பெண்களின் கர்ப்பப்பையை எடுத்துப் பார்த்தபோது 42.6 சதவீதத்தில் புற்றுநோய் ஏற்கெனவே இருந்தது. பிள்ளை வேண்டும் என்று காத்திருக்கும் இளம்பெண்ணுக்கு ஹார்மோன் கொடுத்து, நெருக்கமாகக் கண்காணிக்கலாம். மற்றவர்களுக்கு எடுப்பதே முறை. கவனிக்க வேண்டியது, இந்த முடிவுக்கும் திசுவே சாட்சி சொல்கிறது, ஸ்கேன் எண் அல்ல.

இந்த நம்பிக்கையின் அடித்தளத்தையே அசைக்கும் உண்மை வேறொன்று. தடிப்புதான் புற்றுநோயின் முன்னோடி என்றால், மெலிந்த சவ்வு பத்திரமானதாக இருக்க வேண்டும். இல்லை. உள்சவ்வுப் புற்றுநோயில் அதிகம் காணப்படும் எண்டோமெட்ரியாய்டு வகை, ஈஸ்ட்ரோஜன் ஊட்டத்தில், ஏடிப்பியா வழியாக வருவது. சுரப்பிகள் முதுகோடு முதுகு ஒட்டி, நடுவில் இடைத்திசுவே இல்லாமல், சல்லடைக் கண்கள்போல் தெரியும். இதைப் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே பிடித்துக் குணப்படுத்திவிடலாம். சீரஸ் என்ற இன்னொரு வகை இருக்கிறது. எண்ணிக்கையில் குறைவு, மரணங்களில் அதன் பங்கு அதிகம். அது முளைப்பது மாதவிடாய் நின்று பல ஆண்டுகளாகி, சுருங்கி, தாள்போல் மெலிந்த சவ்வில். சில நேரம் ஒரு பாலிப்பின் நுனியில் மட்டும். உட்கருக்கள் கோரமாகப் பருத்திருக்கும், பி53 என்ற காவல் மரபணு பழுதாகியிருக்கும், சவ்வின் தடிமனோ ஸ்கேனில் நல்ல பிள்ளையாக 3 மில்லிமீட்டர் காட்டலாம். ரஷ்ய மருத்துவர் போக்மன் 1983இலேயே இந்த இரு பாதைகளையும் பிரித்துக் காட்டிவிட்டார். அமெரிக்கக் கறுப்பினப் பெண்களிடம் இந்தக் கொடிய வகை கூடுதலாகக் காணப்படுகிறது. ஃபைப்ராய்டு கட்டிகளும் அதிகம் என்பதால் சவ்வை ஸ்கேனில் சரியாக அளப்பதும் கடினம். தடிமன் எல்லைக்கோட்டை மட்டும் நம்பியதால் அவர்களில் பலரது புற்றுநோய் தவறவிடப்படுகிறது என்று 2024இல் வெளியான ஆய்வு சுட்டியது. தடித்ததைக் கண்டு அலறும் அதே பழக்கம், மெலிந்ததைக் கண்டு அயர்ந்துவிடுகிறது. இரண்டு பக்கமும் நட்டம்.

"படிப்படியாக" என்ற சொல்லாட்சிக்கும் திசு ஒத்துழைக்க மறுக்கிறது. ஒரு செல்லில் புற்றுநோய் மரபணு மாற்றம் வந்துவிட்டால் அது ஏணியில் கால் வைத்துவிட்டது, இனி மேலேதான் போகும் என்ற எண்ணம் பலரிடமும் உண்டு. அமெரிக்க நிபுணர் ஜார்ஜ் மட்டர் குழு 2001இல், எந்தக் குறையும் இல்லாத பெண்களின் சவ்வைச் சோதித்தபோது, 43 சதவீதத்தினரிடம் பிடென் என்ற புற்றுத்தடுப்பு மரபணு செயலிழந்த சுரப்பிகள் அங்கங்கே இருந்தன. 2020இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு ஒருபடி மேலே போனது: இயல்பாகத் தோற்றமளிக்கும் சுரப்பிகளிலேயே புற்றுநோயைத் தூண்டும் மாற்றங்கள் பரவலாக இருப்பது சர்வசாதாரணம். அந்தப் பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுவதும் புற்றுநோய் வராது. மாதந்தோறும் உதிர்ந்து புதுப்பிக்கும் திசு அது. கெட்டதையும் சேர்த்தே உதிர்க்கிறது.

தோற்றமும் ஏமாற்றும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பெரு நாட்டு நிபுணர் ஹவியர் அரியாஸ்-ஸ்டெல்லா 1954இல் விவரித்த மாற்றம் ஒன்று உண்டு. கர்ப்பமான, அல்லது அண்மையில் கரு கலைந்த பெண்ணின் சுரப்பிச் செல்கள், உட்கரு பூதாகரமாகப் பருத்து, கறுத்து, பார்ப்பதற்கு அசல் புற்றுநோய்போலவே இருக்கும். சில வாரத்தில் தானே மறைந்துவிடும். கர்ப்பம் என்ற தகவலைப் படிவத்தில் எழுதாமல் துணுக்கை அனுப்பினால், தேர்ந்த கண்ணும் தடுமாறும். மறுபக்கம், போலேஇ என்ற மரபணு கெட்டதால் வரும் புற்றுநோய்கள், மைக்ராஸ்கோப்பில் படுபயங்கரமாக இருக்கும்; நோயாளிகளோ மிக நன்றாகத் தேறுவார்கள். 2013இல் 373 கட்டிகளின் மரபணுவை அலசிய அமெரிக்கத் திட்டம் இதை வெளிக்கொணர்ந்தது. 2023இல் சர்வதேச மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு நோயின் கட்டத்தை நிர்ணயிக்கும் விதியிலேயே அதைச் சேர்த்தது. தடிமனைவிடத் திசு அமைப்பு நம்பகம், அதற்கும் அடியில் மூலக்கூறு. நாம் சண்டை போட்டுக்கொண்டிருப்பதோ இந்த வரிசையின் வாசலில் நிற்கும் மில்லிமீட்டரோடு.

எதிர்த்தரப்பின் வலுவான வாதங்களைப் பார்ப்போம். "நிபுணர்களே ஒத்துப்போவதில்லையே, இதில் திசுவை நம்பி என்ன?" உண்மைதான். டிரிம்பிள் ஆய்வின் துணுக்குகளை மறுபடி பார்த்த நிபுணர் குழு, ஏடிப்பியா என்று முதலில் சொல்லப்பட்டவற்றில் 38 சதவீதத்தை மட்டுமே ஆமோதித்தது. 29 சதவீதம் புற்றுநோயே என்றது. 25 சதவீதம் அதைவிட லேசானவை, அதில் சில வெறும் இயல்பான சவ்வு. தலைகுனிய வேண்டிய கணக்கு. ஆனால் இதிலிருந்து கிடைக்கும் பாடம் இரண்டாவது கண் வேண்டும் என்பதே தவிர, முதல் கண்ணையும் மூடிக்கொள் என்பதல்ல. பயாப்ஸித் துணுக்கு மெழுகுக் கட்டியில் பதித்துப் பல ஆண்டு பத்திரமாக இருக்கும். அந்தப் பிளாக்கையும் ஸ்லைடையும் நோயாளி கேட்டு வாங்கி, இன்னொரு நிபுணரிடம் காட்டலாம். பையை எடுத்துவிட்டு இரண்டாவது கருத்துக் கேட்பதில் என்ன லாபம்?

"சுரண்டி எடுப்பதில் நோய் தப்பிவிடலாம்" என்பது அடுத்தது. இதிலும் நியாயம் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு சுரண்டும் டி அண்ட் சி பற்றி 1975லேயே ஒரு பரிசோதனை நடந்தது. டி அண்ட் சி முடிந்த கையோடு எடுக்கப்பட்ட கர்ப்பப்பைகளில் பத்தில் ஆறில், உட்பரப்பின் பாதிகூடச் சுரண்டப்பட்டிருக்கவில்லை. பாலிப் போன்ற ஓரிடத்து வளர்ச்சிகள் கரண்டிக்கு நழுவும். இன்று அதற்கு ஹிஸ்டெரோஸ்கோப்பி இருக்கிறது. கேமராவில் பார்த்துக்கொண்டே சந்தேகமான இடத்தைக் கிள்ளி எடுக்கலாம். மாதவிடாய் நின்றவர்களிடம், மயக்க மருந்தில்லாமல் புறநோயாளிப் பிரிவிலேயே மெல்லிய உறிஞ்சுகுழலால் எடுக்கும் பயாப்ஸி புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் திறன் 99 சதவீதத்துக்கு மேல், நிற்காதவர்களிடம் 91. பாலிப் என்றதும் பயப்படுவதற்கும் ஒரு கணக்கு: 2010இல் வெளியான தொகுப்பாய்வின்படி, புற்றுநோயோ அதன் முன்னோடியோ இருந்தது மாதவிடாய் நிற்காதவர்களின் பாலிப்களில் 1.7 சதவீதத்தில், நின்றவர்களிடம் 5.4 சதவீதத்தில். நம் நாட்டில் இன்னொன்றும் உண்டு. சுரண்டிய துணுக்கில் காசநோயின் முடிச்சுகள் தெரியலாம். பிள்ளையில்லை என்று ஆண்டுக்கணக்கில் அலைந்த பெண்ணுக்கு வேண்டியது காசநோய் மாத்திரை என்று அந்தத் துணுக்கு சொல்லும். ஸ்கேன் எண் அதைச் சொல்லாது.

பயாப்ஸியே இல்லாமல் பையை எடுப்பதில் மிகவும் பாதிக்கப்படுவது யார் என்று பார்த்தால் விசித்திரமாக இருக்கும்: உண்மையிலேயே புற்றுநோய் இருக்கும் பெண். அவளுக்கு வேண்டியது வேறு அறுவை. சினைப்பைகளும் குழாய்களும் சேர்த்து எடுக்க வேண்டும், நிணநீர் முடிச்சுகளைச் சோதிக்க வேண்டும், சீரஸ் வகையென்றால் குடலை மூடிய கொழுப்புப் படலத்தையும் பார்க்க வேண்டும். "சாதாரணத் தடிப்பு" என்று எடுத்துவிட்டு, பத்து நாள் கழித்து ரிப்போர்ட்டில் புற்றுநோய் என்று வந்தால், அரைகுறை அறுவைக்குப் பின் இரண்டாவது அறுவையோ கதிர்வீச்சோ. எடுத்த கர்ப்பப்பையை ட்ரேயில் வைத்து, வெளியே நிற்கும் கணவரிடம் "எப்படிக் கெட்டுப்போயிருக்கு பாருங்க" என்று காட்டும் வழக்கம் ஊரறிந்தது. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியும் என்றால் நோய்க்குறியியல் என்ற துறையே தேவையில்லை.

"எடுத்தால் பயம் விட்டது" என்ற கடைசிக் கண்ணியும் பலவீனமானது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் குழு, சினைப்பையை விட்டுவைத்து கர்ப்பப்பையை மட்டும் எடுத்த 2,094 பெண்களை இருபதாண்டுக்கு மேல் தொடர்ந்து, 2018இல் முடிவை வெளியிட்டது. 35 வயதுக்குள் எடுத்தவர்களுக்கு இதயச் செயலிழப்பு வாய்ப்பு 4.6 மடங்கு, இதய ரத்தக்குழாய் நோய் 2.5 மடங்கு. தொடர்பு காட்டும் ஆய்வு இது, காரணத்தை அறுதியிட்டுச் சொல்வதல்ல. ஆனாலும் "இனிமே அந்தப் பை எதுக்கு" என்று கேட்பவர்களுக்கு முன்னால் வைக்கத் தகுந்தது. இத்தோடு 2015-16இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பைச் சேர்த்துப் படியுங்கள். 15 முதல் 49 வயது இந்தியப் பெண்களில் 3.2 சதவீதத்தினர் கர்ப்பப்பையை எடுத்தவர்கள். ஆந்திரத்தில் 8.9, தெலங்கானாவில் 7.7. எடுத்தபோது அவர்களின் இடைநிலை வயது 34. மூன்றில் இரண்டு பங்கு தனியார் மருத்துவமனைகளில். உள்சவ்வுப் புற்றுநோயோ பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்களின் நோய். 34 வயதில் நடக்கும் அறுவையைப் புற்றுநோய்த் தடுப்பு என்று அழைப்பது, மருத்துவத்தைவிட வியாபாரத்துக்கே நெருக்கம்.

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் 2019இல் வெளிச்சத்துக்கு வந்தது அதன் உச்சம். கரும்பு வெட்டும் ஏறத்தாழ 82 ஆயிரம் பெண்களிடம் அரசு நடத்திய கணக்கெடுப்பில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கர்ப்பப்பையை இழந்திருந்தார்கள். ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் ஒப்பந்தக்காரர் அபராதம் பிடிப்பார். மாதவிடாய் என்பதே கூலிக்குப் பகை. அங்கேயும் மருத்துவமனைகளில் பலரிடம் சொல்லப்பட்டது இதே புற்றுநோய்ப் பயம்தான். பிஹார், ராஜஸ்தான், சத்தீஸ்கர் மாநிலங்களில் தேவையற்ற அறுவைகள் நடந்தது குறித்து மருத்துவர் நரேந்திர குப்தா தொடுத்த வழக்கில், 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒன்றிய அரசு 2022இல் வகுத்த வழிகாட்டு நெறிகளை மூன்று மாதத்துக்குள் எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்றது. தேசிய, மாநில, மாவட்ட அளவில் கண்காணிப்புக் குழுக்கள் அமைப்பது அந்த நெறிகளில் ஒன்று.

மிச்சமிருப்பது மருத்துவர்கள் தனிப்பேச்சில் சொல்லும் ஒரு வாதம், அதை இளக்காரமாகத் தள்ள முடியாது. "மிரீனா போட்டு ஆறு மாதத்தில் மறுபடி பயாப்ஸிக்கு வா என்றால் அவள் வரமாட்டாள். நாத்து நடவு வந்துவிடும், மகளுக்குப் பரீட்சை வந்துவிடும். எடுத்துவிட்டால் அவளுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி." ஏடிப்பியா இல்லாத ஹைப்பர்பிளாசியாவுக்கு ஆறு மாத இடைவெளியில் தொடர்ந்து இரண்டு பயாப்ஸி சுத்தமாக வந்தால் போதும் என்கிறது முன்பு சொன்ன வழிகாட்டி, வேறு அபாயங்கள் இல்லாதவர்களுக்கு மொத்தம் இரண்டே பயணம். இந்தப் பெண் வரமாட்டாள் என்று அவளைக் கேட்காமலே முடிவு செய்வது ஒருபுறம் இருக்கட்டும். 2021 ஆகஸ்ட்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்தஅழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் மாநிலம் இது. சர்க்கரையும் பருமனும்தான் உள்சவ்வுப் புற்றுநோய்க்கும் கூட்டாளிகள். அந்தத் திட்டம் தேடிப் போகும் பெண்களில் பலர் இந்த அபாயம் உள்ளவர்களே. மாத்திரை கொண்டுபோகும் ஊழியரின் பட்டியலில் இரண்டு கேள்விகளைச் சேர்க்கலாம்: மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டதா? அடுத்த பயாப்ஸி எந்த மாதம்?